பணம் யார் பெயரில் வருகிறது?

தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து 26 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவரும் நண்பர்களுமாக 14 பேர். மூன்று வருடமாக ஊர்ப் பிள்ளைகள் சுமார் அறுபது பேருக்கு மாலை நேரப் படிப்பகமும் ஞாயிறு காலையில் கபடிப் பயிற்சியும் நடத்துகிறார்கள். ஆளுக்கு மாதம் 300 ரூபாய் போடுகிறார்கள். மீதியை ஊர்க்காரர்களும் வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் தருகிறார்கள். எல்லாமே இவருடைய சொந்த ஜிபே க்யூஆர் கோடு வழியாக இவருடைய சேமிப்புக் கணக்கில்தான் விழுகிறது. போன வருடம் வந்தது 1,40,000 ரூபாய். அமைப்பு எங்கும் பதிவாகவில்லை.

இப்போது படிப்பகத்துக்கு ஓர் அறை வேண்டும், கபடி மேட் வேண்டும், இரண்டு ஆசிரியர்களுக்கு மாதச் சம்பளம் தர வேண்டும். உதவுவதாக நான்கு பேர் வந்திருக்கிறார்கள். ஊரில் பிறந்து கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட டாக்டர் ஒருவர், மூன்று லட்ச ரூபாயை இவர் கணக்குக்கே அனுப்பத் தயார். மதுரையில் ஒருவர் 25 லட்சம் சிஎஸ்ஆர் நிதி, அதாவது பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம், வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கட்சிப் பொறுப்பாளர் ஒருவர் ஐம்பதாயிரம் தருவாராம், பிள்ளைகளின் ஜெர்சியில் அவர் படம் இருக்க வேண்டுமாம். தாய்மாமாவோ, "நான், உன் அத்தை, நீ மூணு பேரும் டிரஸ்டி. முதல் லட்சத்தை நானே போடுறேன்" என்கிறார்.

"இதில் எதை ஒப்புக்கொள்வது? இதுவரை வாங்கிய பணத்துக்காக என் மேல் வழக்கு வருமா? இளைஞர் மன்றங்களுக்கு அரசாங்கமே நிதி தருமாமே, யாரைப் பார்க்க வேண்டும்? குரூப் 4 முடிவுக்குக் காத்திருக்கிறேன். வேலை கிடைத்துவிட்டால் இதை விட வேண்டுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

எவ்வளவு வருகிறது என்பதில்தான் உங்கள் கடிதம் முழுக்கக் கவனம் போயிருக்கிறது. நான் முதலில் பார்ப்பது, அது யார் பெயரில் வருகிறது என்பதை. நான்கு பேருக்கும் சொல்ல வேண்டிய பதில் அங்கிருந்துதான் கிடைக்கும்.

இதுவரை வந்த பணம்

பயப்பட வேண்டாம். நல்ல காரியத்துக்கு நாலு பேரிடம் பணம் வாங்கிச் செலவு செய்தது குற்றமில்லை. ஆனால் "சேவைப் பணம்தானே, வரிக்காரர்கள் கேட்கமாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் உங்கள் கணக்குக்கு வரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும். அது பிள்ளைகளுக்காக வந்தது, நீங்கள் கையில் வைத்திருந்து செலவழித்தீர்கள், அவ்வளவுதான் என்று வாதாடலாம். அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

உங்களுக்கு வேறு வருமானம் இல்லை. அதனால் இந்தத் தொகைக்கு வரி கட்ட வேண்டி வராது. நாளைக்குச் சம்பளம் வர ஆரம்பித்ததும் நிலைமை வேறு. அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று வருட வங்கி அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொண்டு, வந்த தொகை ஒவ்வொன்றுக்கும் யார் கொடுத்தார், எதற்குச் செலவானது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பில் இல்லாத செலவுக்கு வவுச்சர் எழுதி, அந்தச் செலவைச் செய்த நண்பரிடம் கையெழுத்து வாங்குங்கள். பழைய தேதி போட்டு எழுதாதீர்கள், எழுதுகிற நாளின் தேதியே இருக்கட்டும். 14 பேரும் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் படித்துப் பார்த்து ஒப்பமிட்டால், வரித்துறைக்குப் பதில் சொல்லவும் உதவும், ஊர்வாய்க்குப் பதில் சொல்லவும் உதவும். இரண்டாவதுதான் பெரும்பாலும் முதலில் வரும்.

மாமாவின் டிரஸ்டா, உங்கள் சங்கமா?

மாமாவின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. டிரஸ்ட் சுலபம்தான். பத்திரம் எழுதி சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது, ஏழு பேரைத் தேட வேண்டாம், வருடாவருடம் பொதுக்குழு கூட்ட வேண்டாம். அந்த வசதிதான் இங்கே சிக்கலும். டிரஸ்டில் பத்திரத்தில் பெயர் உள்ள டிரஸ்டிகள் வைத்ததுதான் முடிவு. மூன்று வருடம் வெயிலில் நின்று பயிற்சி கொடுத்த மற்ற 13 பேருக்கும் அதில் சட்டப்படி ஒரு வாக்குகூட இருக்காது. மூன்று டிரஸ்டிகளில் இரண்டு பேர் கணவன் மனைவி. நாளை உங்களுக்கும் மாமாவுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் எண்ணிக்கை என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தடவை அறக்காரியத்துக்கென்று எழுதிக்கொடுத்ததை அப்புறம் பிரித்து வாங்கிக்கொண்டு வெளியேறவும் முடியாது.

உங்களுக்குப் பொருந்துவது சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். நீங்கள் 14 பேர், எல்லோரும் 18 வயது தாண்டியவர்கள். சங்கத்தின் நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, பிறகு மறுபடி தேர்தல். தொல்லையாகத் தெரியும். ஆனால் பொறுப்பு ஒருவர் தலையிலேயே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அந்தத் தேர்தல்தான்.

துணை விதிகளை இணையத்தில் கிடைக்கிற மாதிரியை அப்படியே காப்பி அடித்துக் கொடுப்பவர்கள் அதிகம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். படிப்பு, விளையாட்டு இரண்டையும் நோக்கத்தில் தெளிவாக எழுதுங்கள். லாபத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக்கூடாது, சங்கத்தைக் கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குப் போக வேண்டும் என்ற இரண்டு வரிகளும் கட்டாயம் இருக்கட்டும். பிற்பாடு வருமான வரிப் பதிவுக்குப் போகும்போது அங்கே முதலில் தேடுவது இந்த இரண்டு வரிகளைத்தான்.

பதிவானதும் சங்கத்தின் பெயரில் பான் கார்டு, அப்புறம் வங்கிக் கணக்கு. வங்கியில் தீர்மான நகல் கேட்பார்கள். "தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்திட்டுக் கணக்கை இயக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று மினிட் புத்தகத்தில் எழுதி, வந்திருந்த எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கையெழுத்தில் மட்டும் இயங்குகிற கணக்கு வேண்டவே வேண்டாம், அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தாலும். மாமா தர நினைக்கும் ஒரு லட்சத்தை இந்தக் கணக்குக்குத் தரட்டும், வரிசை எண் போட்ட ரசீதைக் கொடுங்கள். அவர் வருத்தப்படாமல் இருக்க, ஆலோசகராக அழைத்துக்கொள்ளலாம்.

ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து, பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஆர்வத்தோடு பதிந்துவிட்டு இதை மறந்துபோன இளைஞர் சங்கங்கள் ஏராளம். நாலைந்து வருடம் கழித்து யாராவது நிதி தர வரும்போதுதான் நிலுவையும் அபராதமும் நினைவுக்கு வரும்.

சிஎஸ்ஆர் "வாங்கித் தருகிறவர்"

அவர் உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் கடிதத்தில் அப்படியே எழுதியிருந்தீர்கள்: "ஃபண்ட் 25 எல். உங்களுக்கு 40, ரிட்டர்ன் 60 கேஷ். 12ஏ, 80ஜி உள்ள பழைய டிரஸ்ட் ரெடி. டாக்குமெண்டேஷன் 35,000 அட்வான்ஸ்." (12ஏ என்பது அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் பதிவு, 80ஜி என்பது நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு தரும் பதிவு.) இந்த நாலு வரியில் மூன்று குற்றங்களுக்கு விதை இருக்கிறது. அறுபது சதவீதத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முழுத் தொகையும் பிள்ளைகளுக்குச் செலவானதாகப் பொய் பில் போட வேண்டும். அந்தப் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடுவது நீங்களும் உங்கள் நண்பர்களும்தான், அவரில்லை. மோசடி வழக்கிலிருந்து சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டம் வரைக்கும் போகக்கூடிய விஷயம். நிதி எதுவும் வராமல் 35,000 மட்டும் காணாமல் போவது இதில் உங்களுக்கு நடக்கக்கூடிய நல்ல முடிவு.

நிஜமான சிஎஸ்ஆர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்த மாதிரி ஆட்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், 135-ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன. ஆக, உங்கள் வேலை தகுதியான வேலைதான். ஆனால் நிறுவனம் வெளி அமைப்பு ஒன்றின் வழியாகச் செலவழிக்க, அந்த அமைப்பு பதிவு பெற்றதாகவும், 12ஏ, 80ஜி இரண்டும் உள்ளதாகவும், அதே மாதிரிப் பணியில் மூன்றாண்டு அனுபவம் காட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து எண் வாங்கியிருக்க வேண்டும், இது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். உங்கள் மூன்று வருட உழைப்பு உண்மை என்றாலும் அதற்கான தாள் உங்களிடம் இல்லை. அதனால் பெரிய நிறுவனத்தின் நிதி இந்த வருடம் உங்களுக்கு வராது. கசப்பாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டு திட்டம் போடுவதுதான் நல்லது. பழைய டிரஸ்ட் ஒன்றை விலைக்கு வாங்குவது குறுக்குவழி போலத் தெரியலாம். அதன் பழைய கணக்கில் இருக்கிற அழுக்கெல்லாம் சேர்ந்தே வரும்.

12ஏ, 80ஜி பற்றி இன்னொன்று. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் வேறு. ஆடிட்டர் அலுவலகங்களில் பழைய பெயரிலேயே கேளுங்கள், புரியும். புதிய அமைப்புக்கு முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். "80ஜி வந்துவிட்டால் வெளியூர் நண்பர்கள் நிறையக் கொடுப்பார்கள்" என்று நம்புகிறீர்கள். புதிய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது, இன்று பெரும்பாலோர் அந்த முறையில்தான் இருக்கிறார்கள். பழைய முறையில் இருப்பவர்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவில்லை. உங்களுக்கு 80ஜி எதற்கு என்றால், மூன்று வருடம் கழித்து சிஎஸ்ஆர் கதவைத் தட்ட. நண்பர்கள் கொடுப்பது உங்கள் மேல் உள்ள நம்பிக்கையால். அவர்களுக்கு மாதாமாதம் வரவு செலவை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும்.

தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பன் தளத்தில் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டாக்டரின் மூன்று லட்சம்

நான்கு பேரில் பதிலுக்கு எதுவும் கேட்காதவர் இவர்தான், ஆனால் சட்டப்படி உங்களை அதிகம் மாட்டிவிடக்கூடிய பணமும் இவருடையதுதான். "நம்ம ஊர்க்காரர் தானே" என்கிறீர்கள். சட்டம் ஊரைப் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு கனடாவில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அவர் வெளிநாட்டவர். அவர் லீவில் ஊருக்கு வந்து ரூபாய் நோட்டாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். கல்வி, சமூகப் பணி செய்கிற யாரும், தனி ஆளோ அமைப்போ, அதை வாங்க வேண்டுமென்றால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டப்படி, அதாவது எஃப்சிஆர்ஏ-வின்படி, பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு கேட்க அமைப்புக்கு மூன்று வயதாகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். உங்கள் வேகத்தில் அது இப்போதைக்கு இல்லை. முன் அனுமதி வாங்க வழி இருக்கிறது, ஆனால் மூன்று லட்சத்துக்காக அவ்வளவு தூரம் போகச் சொல்லமாட்டேன்.

"ஊரில் இருக்கும் அவர் அண்ணன் கணக்குக்கு அனுப்பி, அண்ணன் எங்களுக்குக் கொடுத்தால்?" என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கை மாறினாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதப்படும். எஃப்சிஆர்ஏ பதிவுள்ள வேறொரு தொண்டு நிறுவனம் வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது. அண்ணன் தன் சொந்த வருமானத்திலிருந்து ஆயிரமோ ரெண்டாயிரமோ தந்தால் தாராளமாக வாங்குங்கள்.

டாக்டரிடம் இதை விளக்கிச் சொல்லிவிட்டு, அவருடைய நேரத்தைக் கேளுங்கள். பணம், பொருள், பங்குப் பத்திரம் இவைதான் அந்தச் சட்டத்துக்குள் வரும். வாரம் ஒரு மணி நேரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீடியோவில் அறிவியல் சொல்லித் தந்தால் அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம்.

அரசாங்கம், ஊராட்சி, கட்சிக்காரர்

இளைஞர் மன்றத்துக்கு மாதாமாதம் அரசு பணம் போடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசு உதவி பெரும்பாலும் பொருளாகவும் இடமாகவும் பயிற்சியாகவும்தான் வரும். அதைச் சரியாகக் கேட்டால் உங்கள் பட்டியலில் பாதி முடிந்துவிடும். தமிழக அரசு 2024-இல் கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்திருக்கிறது. உங்கள் ஊராட்சிக்கு வந்தது எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பூட்டிய அறையில் பிரிக்காமல் கிடக்கவும் வாய்ப்புண்டு.

அறைக்கு நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் பங்களிப்பாகத் திரட்டினால் மீதியை அரசு தரும். கட்டி முடித்ததும் அது பொதுச் சொத்து, சங்கத்துக்குச் சொந்தமாகாது. ஆகவே பயன்படுத்தும் உரிமையை ஊராட்சித் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். அதற்குக் கிராம சபையில் மனு கொடுப்பதுதான் முறை. வருடத்தில் ஆறு கிராம சபை உண்டு, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினக் கூட்டமும் அதில் ஒன்று. அறுபது பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்தால் அந்த மனுவை யாரும் தள்ளி வைக்கமாட்டார்கள். மத்திய அரசின் இளைஞர் அமைப்பை நேரு யுவ கேந்திரா என்று முன்பு சொன்னோமே, இப்போது மை பாரத் என்ற பெயரில் இருக்கிறது, அதன் மாவட்ட அலுவலகத்திலும் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் கபடி அணியில் மாநில அளவுக்குப் போகிற பிள்ளை இருந்தால், தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு அந்தப் பிள்ளையின் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

கட்சிப் பொறுப்பாளர் விஷயம் சுருக்கமாக. சங்கக் கணக்குக்கு வங்கி வழியாக, நிபந்தனை இல்லாமல் தந்தால் வாங்கலாம், தப்பில்லை. ஜெர்சியில் படம் என்றால் வேண்டாம். பிள்ளைகளைத் தேர்தல் பிரசாரத்தில் எந்த வகையிலும் பயன்படுத்தக்கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024-இல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அடுத்த தேர்தலில் அந்த ஜெர்சி போட்ட பிள்ளைகளின் படம் எங்கெல்லாம் போகும் என்பது உங்கள் கையில் இருக்காது. எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடும் வீட்டுப் பிள்ளைகள் மறுநாளே பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். முகத்துக்கு நேரே மறுக்கச் சங்கடமாக இருந்தால், "பொதுக்குழுவில் முடிவு பண்ணிட்டோம்ணே" என்று சொல்லலாம். சங்கம் இருப்பதில் இப்படியும் ஒரு வசதி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஆசிரியர்களைச் சம்பளத்துக்கு வைக்கும்போது, பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் படத்தை நன்கொடையாளர்களுக்கு அனுப்பாதீர்கள். தப்பு ஏதாவது காதுக்கு வந்தால், ஊர் மானம் என்று மறைக்கிறவர்களும் போக்சோ சட்டப்படி தண்டனைக்கு உள்ளாவார்கள். புகார் கொடுத்தே ஆக வேண்டும்.

பணி ஆணை வந்தால்

விட வேண்டியதில்லை. ஆனால் அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, முன் அனுமதி இல்லாமல் நீங்கள் நன்கொடை கேட்கவோ வாங்கவோ முடியாது. உங்கள் பெயரில் உள்ள க்யூஆர் கோடில் பணம் வந்துகொண்டே இருந்தால், பிடிக்காதவர் ஒருவர் போடுகிற ஒரு மொட்டைக் கடிதம் போதும், விளக்கம் கேட்டு மெமோ வந்துவிடும். எனவே சங்கத்தைப் பதியும்போதே செயலாளர், பொருளாளர் பொறுப்பு வேண்டாம், நிர்வாகக் குழு உறுப்பினராக மட்டும் இருங்கள். உங்கள் கணக்கில் மீதமுள்ள தொகையைச் சங்கக் கணக்குக்கு மாற்றி, எவ்வளவு மாற்றினீர்கள் என்பதை முதல் கூட்டத்தின் மினிட்டில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்காமல் மாலையில் பாடம் சொல்லித் தருவதற்குப் பொதுவாகத் தடை வராது. நிர்வாகப் பொறுப்பில் தொடர்வதற்கு மட்டும், வேலையில் சேர்ந்த கையோடு அலுவலகத் தலைமைக்கு எழுதி அனுமதி கேளுங்கள். அனுமதி வரும்வரை ரசீதுப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்து இருக்கக்கூடாது.